மஞ்சள் பூவுக்குப் பெயர் கிடைத்தது

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால், மலை உச்சியில், ரப்பர் நடாத புல்வெளி ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் மரம் வெட்டப் போன என் வீட்டுக்காரர் ஒருநாள் மஞ்சள் பூ ஒன்றைக் கொண்டுவந்து என் கொண்டையில் செருகினார். கல்யாணமாகி ஏழு மாதம். அந்தப் பூவோடு நான் துரை பங்களாவுக்கு வேலைக்குப் போனதுதான் வினை.

துரையம்மா பார்த்தவுடன் என் தலையிலிருந்தே அதை உருவிக்கொண்டாள். அவள் சீமையில் பனிமலைப் புல்லில் பூக்கிற பூவாம். பூதக்கண்ணாடி வந்தது, படம் போட்ட தடித்த புத்தகம் வந்தது. இதழ் ஐந்து. இலையெல்லாம் ரோமம். இதழுக்கு அடியில் பச்சையாகப் பெரியது ஐந்து, இடையிடையே சின்னது ஐந்து. முள்ளும் மணமும் இல்லாத அந்தச் செடியை ரோஜா சாதி என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

புத்தகத்தில் ஒரே மாதிரி இரண்டு பூக்கள் இருந்தன. வேரைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் ஏறிப்போய் வேரோடு கொண்டுவந்தார். அதிலும் தீரவில்லை. விதைக்கு வால் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் மற்றொன்றாம். கொட்டுகிற மழைக்காலம். "மழ விடட்டும்மா" என்று கெஞ்சினேன்.

"வெதை விழுந்து போகும். இன்னிக்கே போகச் சொல்லு" என்றாள்.

இறங்கும்போது அவர் பாறையில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்தது. தூக்கி வந்தார்கள். விதை மட்டும் மடியில் பத்திரமாக இருந்தது. அதைத்தான் அவள் முதலில் கேட்டு வாங்கினாள்.

தோட்டத்து லாரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட வந்தது நானும் மலாய்க்கார டிரைவரும்தான். என் வீட்டுக்காரருக்கு நினைவில்லை.

"ஒன் புருசன் பேரு என்னாம்மா?" என்று கேட்டார் அங்கே பேர் பதிகிற கிராணி.

பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். "மலைமேல நிக்கிற சாமி பேருங்க" என்றேன். அந்தச் சாமிக்கு எத்தனையோ பெயர். கிராணி தலையாட்டிவிட்டு ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டார். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

மறுநாளே வேலைக்கு வரவேண்டும் என்று உத்தரவு. எட்டாம் நாள்தான் லீவு கிடைத்தது. அன்று காலையில் துரையம்மா பூவைக் காட்டினாள். வெள்ளைக் காகிதத்தில் ஒட்டி, கீழே பெயரை மூன்று வரிக்கு எழுதியிருந்தாள். அவள் ஊர்ப் பூ இல்லையாம், தூரத்துச் சொந்தமாம். ஓர் எழுத்துகூடத் தப்பக்கூடாது என்று மூன்று தரம் சரிபார்த்தாளாம்.

ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ இருந்தார். கிராணியிடம் ஓடினேன்.

"பேரச் சொன்னாத்தான் பாக்க முடியும்."

சொன்னேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

"அப்படி ஓர் ஆளே இல்ல லா."

"கால் ஒடிஞ்சு தோட்டத்து லாரியில வந்தவருங்க!"

பக்கங்களைப் புரட்டினார். வேறொரு பெயரைப் படித்தார். "இவரா? காயத்துல சீழ் வச்சு, செத்து மூணு நாளாச்சும்மா. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். இந்தப் பேருல யாரும் இல்லன்னுட்டாங்க. அனாதப் பொணம்னு பொதச்சாச்சு."

நான் அவருடைய சொந்தப் பெயரை மறுபடி சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "இப்பவாச்சும் எழுதிக்குங்கய்யா" என்றேன்.

"இனிமே எழுதி என்னம்மா ஆவப்போவுது" என்று சொல்லி அவர் புத்தகத்தை மூடினார்.