நான் எழுதிய போர்டும் பவித்ராவின் ஷூவும்

இன்று சித்தூர் நூலகத்தில் நடந்ததை, என் தப்பையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு 'மேக்கர் ரூம்' இருக்கிறது. 3டி பிரிண்டர், மோட்டார், எல்இடி, சால்டரிங் என்று எதையாவது செய்து பழகலாம். (புத்தகம் எடுக்க வந்த என்னையே இழுத்துவிட்டது!)

வாசலில் ஒரு போர்டு: 'அனைவரும் வருக! காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்.' தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும்.

எழுதியது நான்தான். ஓரத்தில் பூவெல்லாம் போட்டிருக்கிறேன்!

குடிபாலாவிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் பவித்ரா, மூன்று சனிக்கிழமைகளாக அந்த போர்டுக்குக் கீழே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி, உள்ள வராம இங்கியே குந்திக்கினு கீற?"

"எனக்கு அதெல்லாம் புடிக்காதுடி. நீ போ."

நம்பிவிட்டேன்.

இந்த பேட்ச்சுக்கு இன்று கடைசி நாள். ஒரு பொருளாவது செய்து காட்டினால்தான் அடுத்த பேட்ச்சில் இடம்.

இன்றும் அதே பெஞ்ச். ஆனால் மடியில் நோட்டு. எட்டிப் பார்த்தால், பேட்டரி மேசை விளக்குக்கு சர்க்யூட்! ரெசிஸ்டர்கூட சரியான இடத்தில்!

"புடிக்காதுன்னு சொன்ன?"

அவள் போர்டைக் காட்டினாள். பிறகு தன் காலைக் காட்டினாள்.

அவள் இடது காலில், முட்டிவரை காலைத் தாங்கும் காலிப்பர். அதன் கம்பிகள் ஷூவோடு சேர்ந்தவை. ஷூவைக் கழற்றினால் அவளால் நிற்க முடியாது. தினமும் பார்க்கிற கால்தான்!

"பூ போட்டு எழுத தெரிஞ்சிதே, இத்த யோசிச்சியா?"

(சத்தியமாக யோசிக்கவில்லை.)

ரூமைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் ஓடினேன்.

"தூசு பட்டா மெஷின் பாடாயி நின்னுடும்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

"தூசுதான மேடம் ஆவாது? ஷூ இல்லியே?"

கேட்டது நான் இல்லை. வாசலில் நின்ற பவித்ரா!

ஈரத்துணி வாங்கி அடிப்பாகத்தை அழுத்தித் துடைத்தாள். மேடம் குனிந்து பார்த்தார். பிறகு என் வெறுங்காலைப் பார்த்தார்.

"இவ காலைவிட க்ளீனா இருக்கே! ராம்மா, உள்ள ரா!" என்று தெலுங்கு கலந்து கூப்பிட்டார்.

உயரமான ஸ்டூல் அவளுக்குச் சரிப்படவில்லை. மேடம் தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார்.

அவள் செய்த விளக்கு முதல் தடவையிலேயே எரிந்தது. (நான் இரண்டு எல்இடியைக் கருக்கியவள்.)

போர்டை மாற்றி எழுத உட்கார்ந்தேன்: 'ஷூவைக் கழற்ற முடியாதவர்கள் துடைத்துவிட்டு வரலாம்.'

"பூ வேணாம்டி. கீழ ஒரு கால்மிதி போடு, போதும்."

உங்கள் ஊர் நூலக வாசலில் என்ன எழுதியிருக்கிறது? ஒருமுறை படித்துப் பாருங்களேன்!

ஐந்து மணிக்கு மேடம், "அடுத்த பேட்ச்சுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று சொல்லி லைட்டையெல்லாம் அணைத்தார்.

ரூமுக்கு வெளியே ஜன்னல் இல்லாத இருட்டு நடையில், பவித்ராவின் விளக்கு வெளிச்சத்தில்தான் என் செருப்பைத் தேடி எடுத்தேன்!