பெயரை நீக்கிய காரணம்

அந்தக் காலத்தில் கண்டி நகரத்தில் காசு கொடுத்து முறையாக மென்பொருள் வாங்கியவர் எவராவது இருந்திருந்தால், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எங்கே பார்த்தாலும் களவுச் சீடிதான். கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்துப் பட்டப்பகலில் விற்பார்கள். சட்டத்தரணிகள்கூடப் பேரம் பேசி வாங்கிப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில், களவே இல்லாத ஒரு சீடியைச் சும்மா கொடுத்த மனிதரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்று நினைத்தாலும் முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு வயிறு எரிகிறது.

நான் அப்போது ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் நடந்த கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவள் என்பதால், பன்வில, தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னோடுதான் ஒட்டிக்கொள்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவர்களைப் போலக் கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் தமிழில் இருந்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வழி காட்டியவர் அதே வகுப்பில் படிப்பித்த என் சிங்கள நண்பர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். யாரும் பூட்டி வைக்காத, எவரும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் முன்னால் இருக்கும் தேநீர் ஆறிப்போகும். அவர் சிங்களத்துக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தார். தமிழுக்கும் ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துவிட்டார். திரைச் சொற்களை நான் தமிழாக்கினேன். கடினமான பகுதியை, அதாவது தமிழ் எழுத்துகள் உடையாமல் திரையில் வரச் செய்யும் வேலையை, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். நகரத்துக் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். போர்டிங் அறையில் தனியாக இருந்தார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

அந்த உலகத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. வேலை செய்தவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவர் பெயர் மென்பொருளோடு சேர்ந்தே போகும். பங்களித்தவர்கள் என்ற பக்கத்தைத் திறந்தால் யாரும் பார்க்கலாம். மற்றது, எந்த மாற்றம் செய்தாலும் அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதியாக வேண்டும். அதையும் யாரும் பார்க்கலாம். ஒளிவு மறைவு என்பதே கிடையாது.

தன் பெயர் முதன்முதலாக அந்தப் பக்கத்தில் வந்த நாளில் அண்ணன் வகுப்புக்கே வந்துவிட்டார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்னே என் திரையில் அதைத் திறந்து காட்டச் சொன்னார். ஊர், பேர், எல்லாம் முழுசாகப் போட்டிருந்தார்.

"பொலிசில பதிய வேணும் எண்டு பேர் குடுத்திருக்கிறன். சோதனைச் சாவடியில கேட்டுச் சொல்லியிருக்கிறன். ஒருத்தரும் கேக்காமல் நானாய் என்ர பேரைப் போட்டது இதுதான் முதல் தரம், தங்கச்சி" என்றார்.

"அப்ப ஒரு கொத்து ரொட்டியாவது வாங்கித் தாங்கண்ணே" என்று கேலி செய்தேன்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு சீடி செய்தோம். கணினியில் போட்டதும் எல்லாம் தமிழில் எழுந்து வரும். மேலே ஒட்டுவதற்கு அண்ணன் அழகான பெரிய தமிழ் எழுத்தில் அச்சடித்தார்: பிரதி எடுங்கள், எல்லோருக்கும் கொடுங்கள். எங்கள் உலகத்தில் அது காலை வணக்கம் மாதிரி. தினமும் சொல்வது, தினமும் கேட்பது. வெளியே சமாதானம் முறிந்து, வடக்கில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரின் கட்டிலுக்கு அடியில் அந்த வாசகம் கட்டுக்கட்டாக இருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது இயக்கத்தின் பிரசாரமாகத்தானே தெரியும்? கணினிக்காரர்களாகிய எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் பொலிசார் அந்தப் போர்டிங்கைச் சோதித்து அண்ணனைக் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நண்பரும் நானும் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். அண்ணன் ஒரு மூலையில், சாரத்தோடு, பொத்தான்கள் மாறிப் போட்ட சேர்ட்டோடு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மேசையில் எங்கள் சீடிகள். மத்தியானம் ஒரு வாகனம் கொழும்புக்குப் போகிறது என்றும், இவரையும் அதில் அனுப்பப் போவதாகவும் சொன்னார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களைத் தேடி அம்மாமார் மாதக்கணக்கில் அலைந்த காலம் அது.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார், நண்பர் பதில் சொன்னார்.

"இது என்ன விலை?"

"சும்மா கொடுக்கிறோம், சேர்."

"அப்போ யார் காசு தருகிறார்கள்?"

"யாரும் இல்லை, சேர்."

"வெளிநாட்டுத் தொடர்பு?"

"நிறைய இருக்கிறது, சேர்."

"தலைவர் யார்?"

"அப்படி ஒருவர் என்று இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பு."

நண்பருக்குப் பொய் வராது. அன்று அவர் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அண்ணனைக் கொழும்புப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. வாயை மூடுங்கள் என்று அவர் முழங்கையைக் கிள்ளினேன். நான் கிள்ளியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"போட்டுக் காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். அறிக்கை தட்டச்சு செய்யும் கணினியில் போட்டோம். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கடகடவென்று ஓட, இயந்திரம் பழுதாகப் போகிறது என்று ஒரு கான்ஸ்டபிள் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். கெஞ்சி நிறுத்தினோம். பிறகு திரை வெளிச்சமாகி, எல்லாம் தமிழில் எழுந்து வந்தது. கான்ஸ்டபிள்கள் எழுந்து வந்து அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்தார்கள். எத்தனை ஆசையாகச் செய்த வேலை! ஒரு நிமிடம் அதை நானே வெறுத்தேன்.

நண்பர் பங்களித்தவர்கள் பக்கத்தைத் திறந்தார். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. நோர்வேக்காரர், பிரேசில்காரர், ஜப்பான்காரர். நடுவில் அண்ணன். கொஞ்சம் கீழே தன் பெயரில் நண்பர் விரலை வைத்தார்.

"இது நான், சேர். அவரை அனுப்புவதென்றால் என்னையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று அடையாள அட்டையை மேசையில் வைத்தார். நானும் என் பெயரைக் காட்டி என் அட்டையை வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் நண்பரின் அட்டையை எடுத்தார். நீண்ட கண்டிச் சிங்களப் பரம்பரைப் பெயர் அது. எந்தப் பாடசாலை என்று கேட்டார். நண்பர் ஊரின் பெரிய பாடசாலை ஒன்றைச் சொன்னார். இன்ஸ்பெக்டரின் முகம் இளகிவிட்டது. "உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா?" என்று சிரித்தார். என் அட்டையை அவர் புரட்டியும் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அண்ணனை விட்டுவிட்டார்கள். சீடிகளைத் தரவில்லை.

வெளியே வந்ததும் நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா, அந்தப் பக்கத்தில் பெயர் இருந்ததால்தான் தப்பினோம்!" என்று அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணன் தலையாட்டினார். நண்பர் பேராதனை பஸ்ஸில் ஏறிப் போன பிறகுதான் வாய் திறந்தார்.

"அவர் தங்கமான ஆள். அவரைப் போல ஒருத்தரும் வரமாட்டினம். ஆனால் என்னைக் காப்பாத்தினது அவற்ற பேர். என்ர பேர்தான் என்னை அந்த வாங்கில கொண்டுபோய் இருத்தினது."

மாறிப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கத்தில இருந்து என்ர பேரை எடுத்து விடுங்கோ, தங்கச்சி."

தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பு நான்தான். வெளியே போன பிரதிகளைத் திரும்பப் பிடிக்க முடியாதே, அது உலகம் முழுக்கப் போய்விட்டதே என்றேன். எங்கள் பெருமையே அதுதானே.

"தெரியும். இனி வாறதில இருந்து எடுங்கோ. வேலை கிடக்கட்டும். பேரை மட்டும் எடுங்கோ."

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் கோப்பைத் திறந்தேன். ஒரு வரியை அழிப்பது பெரிய வேலையா? அழித்தேன். உடனே, மாற்றத்துக்கான காரணம் என்ன என்று கேட்டுக் கட்டம் வந்து நின்றது. உண்மையை எழுதினால் அவருடைய பயத்தையே ஊருக்குப் பறைசாற்றியதாகிவிடும். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டத்தில் நான் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. முன் வரிசையில் தெல்தோட்டைப் பிள்ளை ஒருத்தி தன் பெயரைத் தமிழில் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்தும் உடையவில்லை.

வேலையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதி அனுப்பினேன்.