சுண்ணாம்புக் கோட்டில் ஒரு கல்யாண மண்டபம்

போன வாரம் ஒரு பழைய வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை. கல் சுண்ணாம்புதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் பெயிண்ட் வாளியில் வருகிறது. மூடியைத் திறந்து கலக்கினால் போதும். பல வருடம் கழித்து ஒரு தொட்டியில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்துக் குமுறி, சூடான ஆவி மூக்கில் ஏறியது. பெரிய தும்மல் ஒன்று வந்தது. கூடவே பட்டாளத்து மைதானமும் வந்துவிட்டது.

எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கேரள எல்லைக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவில் பட்டாளத்துக் கேம்ப் படுத்துக் கிடந்தது. நேராகப் போனால் ஒரு பீடி குடித்து முடிக்கிற தூரம்தான். ஆனால் கம்பி வேலியைச் சுற்றித்தான் போக வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும். நான் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவேன். பால் கேனைச் சுமந்து நடப்பது என் மனைவி ருக்மணி. பங்குனி, சித்திரை வெயிலில் பால் வழியிலேயே கெட்டுவிடும். சொசைட்டியில் மோந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். கொட்ட மனசு வராது. வெல்லம் போட்டுக் கிண்டித் தின்போம். இரண்டு கோடை அதைத் தின்றதில் எனக்கு இனிப்பே ஆகாமல் போய்விட்டது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் பாயசம் வந்தால் இலையை மடித்துவிடுவேன்.

அப்போதுதான் கேம்பை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிலம் ஊருக்கு வரும், அதில் என்ன வேண்டும் என்று ஊரே சொல்லலாம் என்று பஞ்சாயத்தில் அறிவித்தார்கள்.

“ஏனுங்க, எல்லாரும் ஆஸ்பத்திரி, காலேஜுன்னு கேப்பாங்க. நீங்க கேம்புக்குள்ள சொசைட்டிக்குப் போக ஒரு தடம் கேளுங்க. மாடு போற அகலம் இருந்தாப் போதும்” என்றாள் ருக்மணி.

சரி என்று தலையாட்டினேன். என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலாவது வரைக்கும் படித்தவன். கூட்டத்தில் பேசுவது இருக்கட்டும், பஸ்ஸில் “நிறுத்துங்க” என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்த ஆள் நான்.

முதல் கூட்டத்தில் ஊர் கேட்ட ஆஸ்பத்திரி, சந்தை, மண்டபம் எல்லாம் குறித்த ஒரு பெரிய வரைபடத்தைச் சர்வேயர் சுவரில் ஒட்டினார். அதில் எல்லாம் மலையாள எழுத்தும் கோடுமாக இருந்தன. எங்கள் ஆட்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள், தள்ளி நின்று பார்த்தார்கள், தலையைச் சாய்த்தும் பார்த்தார்கள்.

“இதுல சந்தை எங்கீங்க இருக்குது? எறும்பு ஊருன மாதிரியல்லோ இருக்குது” என்றார் மாட்டுத் தரகர் பொன்னுச்சாமி அண்ணன்.

பஞ்சாயத்து மெம்பர் தேவகி அக்கா எழுந்தார். “காயிதமே வேண்டாமுங்க. கேம்ப் மைதானத்துலயே நெச அளவுக்குக் கோடு போட்டு நடந்து பாத்துருவோம். ஆரு போடறது?”

நானோ அந்த நேரம் பார்த்துத் தடம் கேட்க மெதுவாகக் கையைத் தூக்கியிருந்தேன்.

“ஆங், வெள்ளையடிக்கிறவரே வாறேங்கறாரு!” என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேம்புக்குள் போனோம். பட்டாளத்தார் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். சாவிக்கொத்தோடு ஒரு ஹவில்தார் மட்டும் இருந்தார். சர்வேயர் டேப்பைப் பிடிக்க, நான் ஓட்டை போட்ட டின்னில் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே கோடு தூவினேன். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி, மாட்டுச்சந்தை, கல்யாண மண்டபம் மூன்றும் வெள்ளையாகத் தரையில் கிடந்தன.

ஊர் சனம் பார்க்க வந்தது. மண்டபத்துக் கோட்டுக்கு வெளியே நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பெரியவர் நேராகக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

“ஏனுங்க மாமா, செவுத்துக்குள்ள பூந்தா வருவாங்க? வாசல் இந்தப் பக்கமல்லோ இருக்குது!” என்று ஒரு அம்மா சத்தம் போட்டார். மனுசர் திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தார். வரும்போது தலையையும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

அப்புறம் சண்டை ஆரம்பித்தது. மண்டபத்துப் பந்திக் கூடத்தை ஒட்டி ஆஸ்பத்திரி இருந்தது.

“பந்தில உக்காந்திருக்கையில பக்கத்துல ஊசி போட்டு ஒருத்தன் கத்துனா ரசம் எறங்குமா?” என்றார் தேவகி அக்கா.

“அதுக்காக ஆஸ்பத்திரியைச் சந்தைப் பக்கம் தள்ளுவீங்களா? மாடு மெரளுமுங்க!” என்றார் பொன்னுச்சாமி அண்ணன்.

“நோயாளி மெரளமாட்டானாக்கும்?”

தென்னை விளக்குமாறால் கோட்டை அழித்து அழித்து, ஆஸ்பத்திரியை மூன்று தடவை நகர்த்தினேன். கடைசியில் முதலில் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

ருக்மணி கிட்டே வந்தாள். “கேட்டீங்களா?”

“இரு, சண்டை அடங்கட்டும்.”

“சண்டை அடங்குனா எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவாங்க.”

சாப்பாட்டு நேரம் ஆனது. எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மைதானத்தில் நானும் பாதி டின் சுண்ணாம்பும்தான். எனக்கு வாய் வராது, கை வரும். எங்கள் ஊர்ப் பக்கத்து வேலியிலிருந்து சொசைட்டிப் பக்கத்து வேலி வரைக்கும் இரண்டு கோடு போட ஆரம்பித்தேன். நடுவில் மண்டபத்துச் சமையல்கட்டு குறுக்கே நின்றது. சுவரை உடைக்க மனசு வரவில்லை. அதைச் சுற்றி வளைத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொண்டுபோய் முடித்தேன். சட்டை நனைந்துவிட்டது.

ஏப்பம் விட்டுக்கொண்டு வந்த பொன்னுச்சாமி அண்ணன் நின்றார். “இதென்னுங்க தடம்?”

தேவகி அக்கா சர்வேயரைப் பார்த்தார். அவர் போடச் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். சர்வேயர் மெம்பரைப் பார்த்தார். பஞ்சாயத்து கேட்டிருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் டின்னுக்குள் பார்த்தேன்.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். “அது வேணும். தீ பிடிச்சா வண்டி வரணுமல்லோ.”

“இத்தனூண்டு அகலத்துலயா?”

“சின்ன வண்டி” என்று சொல்லிக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

ஒரு மழையில் ஆஸ்பத்திரியும் மண்டபமும் சந்தையும் கரைந்தன. காகிதம் பாலக்காடு, திருவனந்தபுரம் என்று பயணம் போனது, திரும்பவில்லை. திட்டத்தில் செங்கல் இல்லாமல் முடிகிற காரியம் ஒன்றே ஒன்றுதான், அந்தத் தடம். மழை வருவதற்கு முன்பே ஹவில்தார் காகிதப்படி இரண்டு பக்கமும் வேலியைப் பிரித்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் ருக்மணி கேனோடு நடந்தாள். பால் கெடாமல் போய்ச் சேர்ந்தது. அவள் பின்னால் மாடுகள், மாடுகளின் பின்னால் ஊர். கோடு அழிந்த பிறகும் தடம் அப்படியே விழுந்துவிட்டது. வெட்டவெளியில் எல்லோரும் ஓரிடத்தில் வளைந்து, இல்லாத சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஏன் என்று புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

போன வருடம் அந்த நிலத்தில் நேராகத் தார் ரோடு போட்டுவிட்டார்கள். வளைவு போய்விட்டது. பொன்னுச்சாமி அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. நானும் ருக்மணியும் கேனோடு மொபெட்டில் அந்த ரோட்டில் போவோம். பழைய வளைவு இருந்த இடம் வந்ததும் அவள் பின்னாலிருந்து என் தோளைத் தட்டுவாள்.

“மெதுவாப் போங்க. பந்தி நடக்குது.”