முதலில் ஷூவைக் கழற்ற வேண்டும்

என் மனைவி ஜிம்மில் பயிற்சியாளர். அதே ஜிம்மில் வரவேற்பு மேஜை என்னுடையது. வீட்டில் அவள் பேச்சைக் கேட்பது போதாதா என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கேட்டுவிட்டுப் போகிறேன், அவர்களுக்கென்ன?

புதிதாக யார் வந்தாலும் எடையைத் தொட விடமாட்டாள். வெறுங்காலோடு நிறுத்தி, கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்து, அதைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஐந்து முறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழச் சொல்வாள். முன்னால், பக்கத்தில், பின்னால் என்று சுற்றி வந்து பார்ப்பாள். உடம்பு எங்கே பிடித்திருக்கிறது, அதற்கு என்ன பயிற்சி என்று பிறகுதான் நோட்டில் எழுதுவாள். கட்டையைப் பார்த்துவிட்டு ஓடியவர்களும் உண்டு.

தீயணைப்புக்காரர் ஒருவர் வந்தபோது அவருடைய உடற்தகுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. முழுதாகக் குந்தி, தரையில் கிடக்கும் ஆள் அளவு பொம்மையைத் தூக்கி எழ வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தார். மறுபடி தவறினால் வண்டியிலிருந்து இறக்கி, போன் எடுக்கிற வேலையில் உட்கார வைத்துவிடுவார்களாம்.

"ஷூவைக் கழட்டுங்க."

மனிதர் நெளிந்தார். "இப்படியே பண்றேனே மேடம், ப்ளீஸ்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மனமிரங்கிவிட்டாள். என்னிடம் ஒருநாளும் இரங்காதவள்.

ஷூவோடு பார்த்ததில், அவர் பாதி குந்தியதுமே முன்னால் சாய்ந்தார். இடுப்பில்தான் இறுக்கம் என்று இடுப்புக்கான பயிற்சிகளைக் கொடுத்தாள். மூன்று வாரம் ஓடியது. மனிதர் ஒரு விரற்கடைகூடக் கூடுதலாக இறங்கவில்லை.

ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில், என் ஷூவை மாட்டிக்கொண்டு குந்தினாள். கழற்றிவிட்டும் குந்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, தப்பு பண்ணிட்டேன். அவர் ஷூவுக்குக் குதிகால் உசரம். கணுக்கால் வளையலன்னா அது மறைச்சிடும். வேலைக்கும் தேர்வுக்கும் போடுற பூட்ஸ் தட்டைன்னு சொன்னாரு, அப்பவும் எனக்கு உறைக்கல."

மறுநாள் கூட்டமான நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னாள். "மூணு வாரமா தப்பான பயிற்சி குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். இப்ப ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினார். சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. இதற்காகவா இத்தனை வெட்கம்! எனக்கு வந்த சிரிப்பு, அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது. ஷூ இல்லாமல் குந்தியதும் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

அதன் பிறகு சுவர்தான் அவர் கதி. குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும். முதல் நாள் சுவருக்கும் கால்விரலுக்கும் இடையே என் இரண்டு விரல் நுழைந்தது. கடைசி வாரம் முழு உள்ளங்கையே நுழைந்தது.

தேர்வு முடிந்து நேரே ஜிம்முக்கு வந்தார். வந்ததும் ஷூவைக் கழற்றினார். அதே ஓட்டை சாக்ஸ். அதையும் உருவிப்போட்டு, நடுக் கூடத்தில் முழுதாகக் குந்தினார். பாதம் தரையில் பதிந்திருந்தது.

"வண்டியிலயே இருக்கேன், மேடம்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் 'தப்பு என்னோடது' என்றாளே, அந்தப் பெருமை.

அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

"வலது முட்டி உள்ள சாயுது. எங்க, இன்னொரு தடவை உக்காருங்க."