கூப்பிட்ட குரலுக்கு வராதவர்

பினாங்கு மலையில் ஆள் காணாமல் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வாரநாளில் ஏறுகிறவர்களுக்கு மலையைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறவர்களுக்குச் செல்போனைத்தான் தெரியும். பள்ளத்தில் இறங்கியதும் அது ஊமையாகிவிடும். அதற்குப் பிறகு எங்களைத் தேடுவார்கள்.

நான் பார்த்த வேலை பாதைப் பராமரிப்பு. விழுந்த மரத்தை அறுப்பது, அரித்துப்போன படிகளுக்கு மண் அணைப்பது, ஜங்ஷன்களில் சிவப்பு ரிப்பன் கட்டுவது. லிட்டில் இந்தியாவில் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், துணிக்கடையில் உட்கார்ந்து துணி கிழிக்கப் பிடிக்காமல் மலைக்கு ஓடியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பாதை தெரிந்தவன் என்று தன்னார்வத் தேடல் குழு என்னைச் சேர்த்துக்கொள்கிறது. குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேய்க்கதை கேட்க வந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஜாதிக்காய் மரத்தடி

காணாமல் போனவர் பெயர் கமலா. ஐம்பது தாண்டியவர், கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேண்டீன் நடத்துகிறவர். தங்கை வசந்தாவோடும் அக்கம்பக்கத்தாரோடும் காலையில் மலையேறியிருக்கிறார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பார்வைமுனை உண்டு. அங்கிருந்து ஜார்ஜ்டவுன், கடல், பாலம், அக்கரையில் செபராங் பிறை எல்லாம் தெரியும். அக்கரைக்காரர்கள் அங்கே நின்று தங்கள் வீடு எங்கே என்று விரலை நீட்டித் தேடாமல் போகமாட்டார்கள். வசந்தாவும் மற்றவர்களும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். மூச்சு வாங்கப் பின்னால் வந்துகொண்டிருந்த கமலா வந்து சேரவே இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் பாதையில் ஆள் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. பனி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. கமலாவைக் கடைசியாகப் பார்த்த இடம் பழைய ஜாதிக்காய்த் தோட்டம். ஒரு காலத்தில் யாரோ வைத்த மரங்கள், இப்போது காடு அவற்றை விழுங்கிவிட்டது. அதற்குக் கீழே நிலம் சரிந்து, ஓர் ஓடையில் போய் முடிகிறது, அந்த ஓடை ஒரு பாறை விளிம்பிலிருந்து நேராக விழுகிறது. அந்தப் பாறைக்கு அடியிலிருந்து ஒருமுறை ஒருவரைத் தூக்கி வந்திருக்கிறேன். முகத்தை மூடித்தான் தூக்கினோம். அதனால் இருட்டுவதற்குள் கமலாவைப் பிடித்தாக வேண்டும் என்று எனக்குப் பதற்றம்.

எங்கள் டீம் லீடர் லிம். என்னோடு மலாயில்தான் பேசுவார், நான் தமிழில் தருகிறேன்; கடைசியில் வரும் 'லா' மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கு. கூப்பிடுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. பெயரை இரண்டு தடவை கூப்பிட வேண்டும். பிறகு எல்லாரும் அசையாமல் நின்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் நகர்ந்துபோய் மறுபடியும் கூப்பிட வேண்டும்.

"மொத தடவ கூப்பிட்டா பூச்சி அடங்கும். ரெண்டாவது தடவ ஆளுக்குக் கேக்கும். அதுக்கு மேல கத்துனா, அவங்க பதில் சொல்றத நம்ம சத்தமே அமுக்கிடும் லா" என்பார். நல்ல முறைதான். அதில் பலரைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

கூப்பிட்டோம். "கமலா... கமலா..." ஐம்பது தாண்டிய பெண்ணை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். ஆனால் குழுவில் சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருந்தோம், அத்தனை பேரும் ஆண்கள், ஒரே மாதிரி கூப்பிட்டால்தான் குரல் சேரும்.

சிள்வண்டுகள் நின்றன. பனி மரங்களுக்கு நடுவில் வந்து எங்களைச் சுற்றிக்கொண்டது. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரம்தான் இந்த வேலையில் கொடுமையானது. காடு காது கொடுத்துக் கேட்கிறது என்று அப்போது தோன்றும். இடது பக்கம் பெரணிச் செடிகள் லேசாக அசைந்தன. காற்று இல்லை.

"ஆள் பக்கத்துல இருக்கு லிம்" என்றேன்.

"கொரங்கு" என்றார் லிம்.

நகர்ந்தோம், கூப்பிட்டோம், காத்திருந்தோம். ஒன்றுமில்லை. சரிவைச் சுற்றிவிட்டு அதே ஜாதிக்காய் மரத்தடிக்குத் திரும்பியபோது, நாங்கள் முதலில் நின்று கூப்பிட்ட கல்லின்மேல் ஒரு ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடி இறுக்கி, நேராக நிறுத்தி வைத்திருந்தது. முன்பு அது அங்கே இல்லை. என் பையை அந்தக் கல்லின்மேல்தான் வைத்திருந்தேன்.

 காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை என் வாய் தானாக ஓதத் தொடங்கிவிட்டது. கல்லுக்குப் பக்கத்துச் சேற்றில் கால்தடம் புதிதாக இருந்தது. எங்களைவிட்டு விலகி, ஓடைப் பக்கமாக இறங்கியிருந்தது.

லிம் குனிந்து பார்த்தார். "நாம கூப்பிடக் கூப்பிட அவங்க தள்ளிப் போறாங்க" என்றார். "காணாம போன ஆளு ஏன் நம்மளப் பாத்து ஓடணும்?"

2. வசந்தா சொன்னது

பாதையில் ஏறுகிறவர்களுக்குச் சும்மாவே டீ கொடுக்கும் ஒரு குடில் உண்டு. வசந்தாவை அங்கேதான் உட்கார வைத்திருந்தோம். பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்காவோடதுதான். எங்க கெடந்துச்சு?"

சொன்னேன். நாங்கள் கூப்பிட்ட இடத்திலேயே, நாங்கள் போன பிறகு வந்தது என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எத்தன தடவ கூப்பிட்டீங்கண்ணே?"

"ரெண்டு ரெண்டு தடவையா."

"மூணாவது தடவ கூப்பிடவே இல்லியா?"

"இல்லம்மா. எங்க முறை அது."

அவர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவ வரமாட்டாண்ணே. எங்கம்மா தாசேக் கெலுகோர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க. விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல, ஆளுக்கு ஒரு நெரையில தனியா ரப்பர் மரத்தக் கீறிப் பால் எடுப்பாங்க. காட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறக்கக் கூடாதும்பாங்க. அது ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் மனுசன். எங்க ரெண்டு பேருக்கும் பாலோட சேத்து ஊட்டுன புத்தி இது."

 அந்தப் பெண் இருந்த இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து முகம் தெரியாத ஆண்குரல் தன் பெயரை இரண்டு தடவை கூப்பிடுகிறது. பிறகு சத்தமே இல்லை. பயந்து பயந்து வந்து எட்டிப் பார்த்தால் ஆளும் இல்லை. நாங்களே பேயாக நின்றிருக்கிறோம்.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "லிம், யாரும் இனிமே கூப்பிடாதீங்க. ஒவ்வொரு தடவையும் அவங்களப் பாறைப் பக்கம் தள்ளிக்கிட்டு இருக்கோம். மூணு தடவ கூப்பிடணும்."

"என்ன கணக்கு அது?"

"அப்புறம் சொல்றேன். இப்ப வாயத் தொறக்காதீங்க."

இரைச்சலுக்கு நடுவில் "ஓகே" என்றார்.

3. மூன்றாவது தடவை

தங்கை குரல் என்றால் தயங்காமல் வந்துவிடுவார் என்று வசந்தாவையும் கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்த அளவில் அதுதான் புத்திசாலித்தனம். வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. கல்லருகே நின்று வசந்தா கூப்பிட்டார்.

"அக்கா..."

கீழே புதர் சடசடத்தது. ஒரு கல் உருண்டு ஓடைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. யாரோ அந்தக் குரலுக்குப் பயந்து கீழே சறுக்கிப் போகிறார்கள். எங்கள் குரலுக்குக்கூட அப்படி ஓடவில்லை. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

நான் கூப்பிட்டேன். "கமலாக்கா." காடு அடங்கியது. "கமலாக்கா." பழக்கத்தில் வாய் நின்றுவிட்டது. அந்த அமைதியில் மூன்றாவது தடவை வாயைத் திறப்பது எனக்கே பயமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"கமலாக்கா."

"யாரு?"

அவ்வளவு பக்கத்திலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. பெரணிகளை விலக்கினேன். எங்களுக்கு நேர் கீழே, ஒரு வேரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கிடந்தார். கால்களுக்குப் பின்னால் நிலம் இல்லை, தண்ணீர் விழும் சத்தம்தான் இருந்தது. லிம்மைக் கூப்பிட்டுக் கயிறு போட்டுத் தூக்கினோம்.

மேலே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூணாவது தடவ கூப்பிடுங்க, கூப்பிடுங்கன்னு உள்ளுக்குள்ள கெஞ்சிக்கிட்டே கெடந்தேண்ணே. கூப்பிட்டுட்டுக் கூப்பிட்டுட்டுப் போயிட்டீங்க. மனுசங்கன்னா பாக்கட்டும்னுதான் கல்லுமேல பாட்டில வச்சேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். வியர்வை என்று லிம் நினைத்திருக்கலாம்.

டீக்குடிலில் பால் டீ கொடுத்தார்கள். உயிர் வந்ததும் வசந்தா அக்காவைத் திட்டத் தொடங்கினார். "நல்ல பாதைய விட்டுட்டு எதுக்குக்கா கீழ எறங்குன?"

கமலா டீக்கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். "நீதானடி கூப்பிட்ட. கீழேருந்து."

"நான் மேல போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒன் கொரலுதான். அக்கான்னு சொல்லல, கமலான்னு கூப்பிட்ட. பட்டப்பகல்தானேன்னு நானும் எறங்கிட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டு தடவ கூப்பிட்ட."

வசந்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார்கள் என்று லிம் கேட்டார். "அக்கா தங்கச்சி சண்ட லா" என்றேன்.

மலையில் மடிப்புகள் அதிகம். மேலே பேசியது கீழிருந்து வருவதுபோலக் கேட்கும். யாரோ வேறொரு கமலாவைக் கூப்பிட்டிருக்கலாம். கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான், பாதி நாள் எனக்கே அது போதுமானதாக இருக்கிறது.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். தேடப் போகும்போது நம் முறையை மட்டும் தெரிந்துகொண்டு போகாதீர்கள். காணாமல் போனவர் எதை நம்புகிறவர் என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அது உண்மையா பொய்யா என்பது நம் வேலை இல்லை. காரணத்தை லிம்மிடம் பிறகு சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. இப்போது எங்கள் குழு மூன்று தடவை கூப்பிடுகிறது.

ஓய்வு பெற்றாலும் ரிப்பன் கட்டும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு அந்த ஜாதிக்காய் மரத்தில் பழைய ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன். தனியாகத்தான் போயிருந்தேன். ஓடைப் பக்கத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு எண்ணினேன். இரண்டாவதும் வந்தது. முடிச்சைப் போட்டு முடித்த பிறகும், மூன்றாவது வருமா என்று ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் மேல்பக்கமாக நடந்து வந்துவிட்டேன்.