நான் போட்ட சிவப்புக் குறி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் வாசகர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டேன்.

'ஆம்பூர் பிரியாணிக்குச் சரியான ஜோடி எது... கத்தரிக்காயா, தயிர்ப் பச்சடியா?'

இந்த ஊரில் இதைவிடச் சண்டைக்குத் தோதான கேள்வி உண்டா? கல்யாணப் பந்தியில் கேட்டால் சம்பந்திகள் பிரிந்துபோவார்கள். குரூப்பில் கேட்டால் மதியம் வரை போன் ஓயாது என்று நினைத்தேன். சார்ஜரைக்கூடப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் பேர் படித்திருந்தார்கள். பதில்? ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு 'டிங்'. அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அட்மினுக்கு மட்டும் வரும் அறிவிப்பு அது — ஒருவர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். ஒற்றை ஆளுக்குச் சமைக்கப் பிடிக்காமல், அரை பிளேட் வாங்கிக்கொண்டு வரலாம் என்று கடைக்குப் போனேன்.

பார்சல் வரிசையில் எனக்கு முன்னால் நசீர் பாய். எங்கள் தெருக்காரர், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் குரூப்பில் முதல் நாளே சேர்ந்தவர். போனைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், தனியா சிரிக்கறீங்க?"

திரும்பிப் பார்த்தவர் சட்டென்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பரீட்சையில் பிட் அடித்த பையன் மாதிரி. அத்தனை பையன்களைப் பிடித்த மனிதர்... அவருக்கே மறைக்கத் தெரியவில்லை!

"ஒண்ணும் இல்ல சார். சும்மா..."

பையிலிருந்த போன் சும்மா இருக்கவில்லை. டிங், டிங், டிங் என்று கத்திக்கொண்டே இருந்தது. அவர் விரல் பட்டதோ என்னவோ, ஒரு வாய்ஸ் மெசேஜ் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் குரல்: "கத்திரிக்கா இல்லாத பிரியாணி மாமியா இல்லாத வீடு மாதிரிங்க. நிம்மதியா இருக்கும், ஆனா களையே இருக்காது!"

பின்னாலேயே நாலைந்து பேரின் சிரிப்பு.

"பாய்... இது என் கேள்வியாச்சே?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க கேள்விதான் சார். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்க போட்டுட்டாங்க. காலைலேர்ந்து ஒரே ரகளை."

"இங்கன்னா எங்க?"

"வேற ஒரு குரூப்பு சார். 'வெட்டிப் பேச்சு'ன்னு. நம்ம ஆளுங்கதான் முக்காவாசி... நீங்க பேஜார் ஆவாதீங்க."

நான் பேஜார் ஆகவில்லை. அரை பிளேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கத்தரிக்காய், பச்சடி இரண்டையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எது சரியான ஜோடி என்று பேச எதிரில் ஆள்தான் இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஒன்பது மாதங்களுக்கு முன்னால் இதே இடத்தில்தான் அந்தக் குரூப்பை அறிவித்தேன். மனைவி போன பிறகு வீட்டில் டிவியும் நானும்தான். டிவி பேசும், கேட்காது. பேசவும் கேட்கவும் நாலு பேர் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன் — அதை அன்றைக்கு எழுதவில்லை. 'ஆரோக்கியமான விவாதத்துக்கு ஒரு மேடை' என்று எழுதினேன்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒன்பது விதிகள் எழுதினேன். எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டும், யாரையும் மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது, வாய்ஸ் மெசேஜ் கூடாது, பூ படம் போட்ட காலை வணக்கம் கூடாது... அந்த ஒன்பதையும் இங்கே அச்சில் பார்த்துப் பலர் பாராட்டி எழுதினீர்கள். உச்சி குளிர்ந்தது.

ஒன்பதாவது விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விதியை மீறினால் திட்டு கிடையாது, வாக்குவாதம் கிடையாது. அந்தப் பதிவின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு முக்கோணம் விழும். அவ்வளவுதான். எவ்வளவு நாகரிகம்!

அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி பிரிவில் இருந்தவன் நான். தைத்து வரும் ஷூவில் ஒரு தையல் விட்டிருந்தால், தோலில் ஒரு சுருக்கம் இருந்தால், அந்த இடத்தில் நகக்கண் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஷூ திரும்பத் தைத்தவரின் மேசைக்கே போகும். மற்ற சூப்பர்வைசர்கள் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்கள். நான் கத்தியதே இல்லை. வாயைத் திறக்க மாட்டேன். அம்பு மட்டும்தான். 'குவாலிட்டி சார் டீசன்ட்' என்று பெயர் எடுத்தவன்.

அந்த அம்பு வந்து மேசையில் உட்காரும்போது, பக்கத்து மெஷின்காரி அதைப் பார்க்கும்போது, தைத்தவருக்கு எப்படி இருக்கும்? முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அதை யோசித்ததில்லை. நான் ஒட்டுகிற பக்கம் இருந்தவன்.

நம் குரூப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஒட்டப்பட்ட பக்கம் இருந்தவர்கள்!

அவர்களில் ஒருவர் கஸ்தூரி. உண்மைப் பெயர் வேறு. எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர், இப்போது பள்ளிகொண்டா பக்கத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். இரண்டு மாதம் முன்னால், 'வேலை செய்த இடத்தில் மறக்க முடியாத ஒரு நாள்' என்று நான் ஒரு தலைப்புக் கொடுத்தேன். வாய்ஸ் கூடாது என்பதால் கஸ்தூரி ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். அவர் 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று அரை மணி நேரம் திரையில் தெரிந்துகொண்டே இருந்தது.

கம்பெனி கேட்டுக்குப் போன் வந்ததாம், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று. சூப்பர்வைசர் இல்லை. அதனால் கேட் பாஸில் கையெழுத்து வாங்க வேறொருவரிடம் போயிருக்கிறார். சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள், அதில் ஏற்ற வேண்டிய லாட் தைத்து முடியவில்லை. 'அந்த ஆளு தலையக் கூட நிமித்தல. லாட்ட முடிச்சுட்டுப் போம்மான்னு சொன்னாரு. முடிச்சுட்டுத்தான் போனேன். நான் போறதுக்குள்ள எங்கப்பாவ எடுத்துட்டாங்க. மொகம் பாக்கல.'

இவ்வளவுதான் எழுதியிருந்தார். நான் அதன் மேல் சிவப்பு முக்கோணம் போட்டேன்.

'அந்த ஆளு' என்று எழுதியது மரியாதைக் குறைவு, இரண்டாவது விதி... கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றும் சொன்னேன்.

உண்மையை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அந்தக் கம்பெனியில் 'லாட்ட முடிச்சுட்டுப் போம்மா' என்று சொல்லும் ஆள் ஒருவன்தான். வயிற்று வலி என்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதே வார்த்தை, அதே 'ம்மா'. படித்த உடனேயே அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் போட்டேன்.

கஸ்தூரி சண்டை போடவில்லை. பத்து நிமிஷத்தில் பதிவை அழித்தார். குரூப்பை விட்டுப் போனார். 'வெட்டிப் பேச்சு' அவர் ஆரம்பித்ததுதான் என்று ஞாயிற்றுக்கிழமை கடையில் நசீர் பாய் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நம் குரூப்பில் விதி மீறல் குறைந்தது. பேச்சும் குறைந்தது. 'எவ்வளவு ஒழுங்கு வந்துவிட்டது' என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பூட்டிய ஷெட்டில்கூட ஒழுங்கு இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கஸ்தூரிக்குப் போன் செய்தேன். எண்ணை அழுத்துவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"ஹலோ, யாருங்க?"

"குவாலிட்டி சார் பேசறேன்மா."

மெஷின் நின்றது. "சொல்லுங்க சார். இன்னா ஆச்சு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதற்கு நான் தயாராக இல்லை. திட்டுவார் என்றுதான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அந்த ஆளு நான்தானேம்மா?"

கத்தரியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா சார்" என்றார்.

"என் பேரையே போட்டிருக்கலாமே."

"எதுக்கு சார்? பேப்பர்ல எழுதறவரு நீங்க, ஊர்ல நாலு பேரு படிக்கிறாங்க. என் வாயால எதுக்குக் கெடுக்கணும்னுதான் 'அந்த ஆளு'ன்னு போட்டேன். அதுக்கே குறி போட்டுட்டீங்க." லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. "ரிட்டயர்டு ஆயி எத்தினி வருஷம் ஆச்சு சார்... இன்னுமா ஒட்டுவீங்க?"

"எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லம்மா."

"உங்களுக்கு எப்டி சார் இருக்கும்? உங்களுக்கு அது ஒரு லாட்டு. எனக்கு எங்கப்பா."

"என்னை மன்னிச்சுடும்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"சரி சார்" என்றார்.

'பரவாயில்ல சார்' என்று சொல்லவில்லை. கவனித்தேன். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அதோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு முதன்முதலாக என்னோடு பேசிய குரல் அது. விட மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். "உங்க குரூப்புல என்னைச் சேத்துப்பீங்களாம்மா?"

"அது வந்து சார்..." என்று இழுத்தார். "இப்ப வேணாம் சார். தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வாய்ஸ்ல பேசறாங்க, பாட்டு பாடறாங்க, வாடா போடான்றாங்க. எழுத வராதவங்கதான் ஜாஸ்தி. நீங்க உள்ள வந்தீங்கன்னா லைனுக்கு எம்.டி. வந்தா மாதிரி ஆயிடும். எல்லாரும் பேச்ச நிறுத்திட்டுத் தலையக் குனிஞ்சுக்குவாங்க."

நியாயம்தான். லைனில் நான் நடந்துபோகும்போது பார்த்ததெல்லாம் குனிந்த தலைகள்தான். வேலையில் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதை எல்லாம் என் பத்தியில எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. என் பேர மாத்திடுங்க. எங்கப்பா விஷயத்த மட்டும் ஒழுங்கா எழுதுங்க."

முயன்றிருக்கிறேன் கஸ்தூரி. அன்றைக்கு நிமிராத தலை என்னுடையது.

நம் குரூப்பிலிருந்து அந்த ஒன்பது விதிகளையும் நேற்று எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்தேன். எப்படிப் பேச வேண்டும் என்று ஒன்பது இருந்தது. பேசுகிறவர் சொல்வதை எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒன்றுகூட இல்லை. விதி எழுதுகிற ஆசாமிக்கு எப்போதும் தன் காது சரியாக இருப்பதாகவே தோன்றுமோ என்னவோ! விதிகளை எடுத்த பிறகும் யாரும் பேசவில்லை. காத்திருக்கிறேன். பேசுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

திங்கட்கிழமை கஸ்தூரியோடு பேசிப் போனை வைப்பதற்கு முன்னால் பழக்க தோஷம் விடவில்லை. முப்பத்தொரு வருஷத்துப் புத்தி! "உங்க குரூப்புல விதி ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குது சார்."

"இன்னாதும்மா?"

இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார்.

"குவாலிட்டி சாரப் பத்தி யாரும் தப்பாப் பேசக் கூடாது."

"யாரும்மா வெச்சது?"

"நான்தான் சார். சரி, கஸ்டமர் வந்துட்டாங்க, வெச்சுடறேன்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. லைன் துண்டான பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே என் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நல்ல வேளை, அந்தக் குரூப்பில் நான் இல்லை — இந்த வாரம் இங்கே எழுதியதெல்லாம் அந்த ஒரே விதியை மீறித்தான்!