போர்டில் நான் எழுதிய கடைசி வரி

தேங்காய் காய்க்காத குளிரில் தேங்காய்ப்பால் பிழிந்து விற்பது, பயந்தவன் செய்யக்கூடாத தொழில். அதைத்தான் நான் பதினோரு வருடமாக தானா ராத்தா என்ற மலையூரில் செய்துகொண்டிருக்கிறேன். காய் எல்லாம் கீழேயிருந்து லோரியில் ஏறி வரவேண்டும். மழை பிடித்தால் எந்த வளைவில் மண் சரியுமோ என்று பயம். வந்து சேர்ந்த காய் உள்ளே அழுகியிருக்குமோ என்று அடுத்த பயம். பிழிந்து விற்ற பிறகு போன் அடித்தால், யார் வீட்டிலோ வயிற்றுப்போக்கு என்று மூன்றாவது பயம். என்னைப் போலப் பயந்துகொண்டே கடையைத் திறக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மீன் விற்கிறவர், பள்ளிக் கேண்டீன் நடத்துகிறவர், குழந்தைகளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

துருவும் மெஷின்

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றிலும் பல் வைத்த ஓர் இரும்பு உருண்டை வேகமாகச் சுழலும். தேங்காய் மூடியை அதன்மேல் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரி சரசு ஊர்க்கதை பேசிக்கொண்டே அழுத்துவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவேன். அப்படி இருந்தும் ஒரு தைப்பூசத்து வாரத்தில், கடை முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, மூடி வழுக்கி என் விரல் நுனி மெஷினில் பட்டுவிட்டது.

காயம் சின்னதுதான். ஆனால் வெள்ளைத் துருவலில் சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் நின்ற அம்மா விரதக்காரர். துருவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தம்பி, எனக்கு விரதச் சமையல். வேற காய் உடைங்க.”

மெழுகு

மழைக்காலத்தில் இங்கே காலைக் குளிர் எலும்புக்குள் போகும். அந்தக் குளிரில் கெட்டிப் பால் சும்மா இருக்காது. கொழுப்பெல்லாம் மேலே வந்து ஏடு கட்டி, தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு இறுகிவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். கோலாலம்பூரிலிருந்து லீவுக்கு வந்த ஒரு குடும்பத்துக்குத் தெரியவில்லை. முதல் நாள் வாங்கிய பாக்கெட்டை வெளியே பால்கனியில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கணவன், மனைவி, மாமியார் மூவரும் கடைக்கு வந்துவிட்டார்கள். பாலில் மெழுகு கலந்திருக்கிறேனாம். கணவர் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

தப்பு செய்யாதவனுக்கும் கேமராவைப் பார்த்தால் திருட்டு முழி வந்துவிடுகிறது. சுகாதார இலாகா, கோர்ட், பேப்பரில் என் படம் என்று மனது ஓடியது. பாக்கெட்டை வெந்நீரில் போட்டேன். ஏடு கரைந்து பழையபடி பால் ஆனது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதில்லையா, அதுதான் இதுவும் என்று விளக்கினேன். கணவர் போனை இறக்கினார். மாமியார் மட்டும் சமாதானம் ஆகவில்லை.

“நம்புறோம் தம்பி. ஆனா முதல்ல நீங்க குடிங்க.”

பூனை

வியாபாரம் மந்தமான ஒரு மாதத்தில், கடைக்கு முன்னால் பலன்களை எழுதி வைக்கலாம் என்று சரசுதான் யோசனை சொன்னாள். வெள்ளை போர்டு ஒன்று வாங்கி, பெரிய எழுத்தில் எழுதினேன். வாய்ப்புண் ஆறும். தோல் மினுமினுக்கும். தலையில் தேய்த்தால் முடி வளரும். எல்லாம் வாடிக்கையாளர்கள் சொல்லி நான் கேட்டவைதான். சோதித்துப் பார்த்தவை எதுவும் இல்லை. எழுதி முடித்தபோது கீழே ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. வெறுமையாக விட மனசில்லை. யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ‘மருந்து அடிக்கிறவர்கள் குடித்தால் விஷம் முறியும்’ என்று எழுதினேன்.

தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பதை மருந்தடிப்பு என்றுதான் சொல்வார்கள். அந்த வரியைப் பற்றி நான் பயப்படவே இல்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஓரிடத்தில் பேனாவை மூடிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன். முடி வரியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அதை நம்பித் தலையில் தேய்த்த டீச்சர் ஒருவர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

“முடி கொட்டுறது நிக்கல அண்ணே. பக்கத்து வீட்டுப் பூனைதான் என் தலைய விட்டுப் போக மாட்டேங்குது.”

கங்காணியின் ஆர்டர்

மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே மருந்தடிக்கிற பதினாலு பேருக்கு மேல்பார்வை பார்க்கும் கங்காணி ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். போர்டை நிதானமாகப் படித்தார், போனில் படம் எடுத்துக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் தனக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு பாக்கெட் வேண்டும் என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. முன்பு தானும் மருந்தடித்தவர். பால் நல்லது என்று உண்மையாகவே நம்பினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் முறையாக லோரி வராத பயத்தை மறந்தேன்.

“உங்க போர்டக் காட்டினேன். மானேஜர் துரையே சரின்னுட்டாரு லா.”

தேவகியின் நகம்

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி தேவகி. நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கினால் பிள்ளைகளுக்கு ஆப்பம் சுட என்று என்னிடம் பால் வாங்குவாள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு பாக்கெட்டை வாங்கக் கை நீட்டினாள். விரல் நகங்கள் மஞ்சளித்து, இரண்டு நகம் அடியோடு தூக்கிக்கொண்டு நின்றன. என்ன இது என்று கேட்டேன். மருந்துக் கை என்றாள் சாதாரணமாக. காலையில் சில நாள் மூக்கில் ரத்தம் வருகிறதாம். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கிளவுஸ் போடுவதில்லையா என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு, பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமலே நின்றேன்.

“பழசு கிழிஞ்சு போச்சு அண்ணே. புதுசு கேட்டா, அதான் பால் குடுக்கிறோமேன்னு சொல்றாங்க. மாஸ்க்கும் அப்படித்தான்.”

டாக்டரம்மா

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் பார்க்க வந்ததாகச் சொல்லிச் சீட்டு வாங்கினேன். பிரஷர் நிஜமாகவே ஏறியிருந்தது. டாக்டரம்மா சின்ன வயது, ஈப்போக்காரர், தமிழ்ப்பிள்ளை. ஒரு சந்தேகம் என்று இழுத்தேன். மருந்தடிக்கிறவர்கள் தேங்காய்ப்பால் குடித்தால் விஷம் முறியுமா?

அவர் பேனாவைக் கீழே வைத்தார். விஷம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது, வயிற்றில் இருக்கிற பால் அதை எப்படித் தடுக்கும் என்று கேட்டார். சில விஷத்தைக் கொழுப்போடு சேர்த்தால் உடம்பு இன்னும் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். நகம் அப்படி இருக்கிற ஆளை உடனே இங்கே அனுப்ப வேண்டும் என்றார். இதை எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஒரு கடை போர்டில் படித்தேன் என்றேன்.

“அந்த போர்ட எழுதினவர நான் ஒரு தடவ பாக்கணும் ஐயா.”

அழித்த பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்து அந்த வரியைத் துணியால் துடைத்தேன். துடைத்த இடம் பளிச்சென்று தெரிந்ததால் போர்டு முழுவதையும் துடைத்தேன். மறுநாள் செவ்வாய். கங்காணி வந்ததும், மருந்தடிக்கிறவர்களுக்கு இனி பால் தர மாட்டேன், நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். ஆர்டர் போகிறது என்று தெரிந்தும் சரசு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கங்காணி கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டினார். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அவரும்தானே வாரம் இரண்டு முறை குடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கடையில அழிச்சிட்டீங்க அண்ணே. எடுத்த போட்டோ மருந்து ஸ்டோர் கதவுல ஒட்டியிருக்கு. கிளவுஸ் கேட்டா துரை அதத்தான் காட்றாரு.”

பெரட்டு

புதன்கிழமை விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம்தான் பெரட்டு. சரசு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வழியெல்லாம் வண்டியைத் திருப்பிவிடலாமா என்று யோசித்தேன். துரை போலீசைக் கூப்பிடலாம். இத்தனை நாள் ஏமாற்றினாயே என்று அந்தப் பதினாலு பேரே என்னை அடிக்கலாம். அடித்தால் நியாயம்தான் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

பனியில் மருந்துப் பம்புகளை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்டோர் கதவில் என் கையெழுத்து, கலரில். அதைக் கிழித்தேன். கங்காணி தடுக்கவில்லை. இதை எழுதினவன் நான்தான், எனக்கு ஒன்றும் தெரியாமல் எழுதினேன், பால் குழம்புக்கு மட்டும்தான், கிளவுஸ் இல்லாமல் மருந்தைத் தொடாதீர்கள் என்றேன். தேவகிதான் முதலில் பம்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு எல்லோரும். அன்று மருந்தடிப்பு நடக்கவில்லை. நான்காம் நாள் கிளவுசும் மாஸ்க்கும் வந்ததாகக் கங்காணி போன் செய்து சொன்னார்.

தேவகியை அந்தப் புதன்கிழமையே என் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், நெஞ்சைப் படம் பிடித்திருக்கிறார்கள், இன்னும் முடிவு சொல்லவில்லை. போகும் வழியில், என்னை நம்பித்தானே குடித்தாய், மன்னித்துவிடு அம்மா என்று கேட்டேன். அவள் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வெளியே தேயிலையைப் பார்த்தபடி சொன்னாள்.

“பொய்யின்னு எங்களுக்கும் தெரியும் அண்ணே. வேற ஒண்ணும் தரல, இதையாவது தர்றாங்களேன்னுதான் குடிச்சோம்.”

இப்போது யாராவது கடைக்கு வந்து தேங்காய்ப்பால் எதற்கெல்லாம் நல்லது என்று கேட்டால், குழம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் நகத்தைப் பார்க்கிறேன்.